அடித்தல் திருத்தல் இன்றி

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு சொல்லைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்கத்தான் வந்தேன். மூன்றாம் பக்கம், கீழிருந்து ஐந்தாவது வரி. மற்றபடி அறிக்கை நன்றாக இருக்கிறது. தேதிகள் சரி. என் வயது சரி.

நீங்கள் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டீர்கள். "முடிஞ்சுபோன விஷயம் சார், இதுக்காகவா வந்தீங்க? வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. நான்கு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "சரி, என்ன திருத்தணுமோ எழுதிக் குடுங்க" என்றீர்கள். கோடு போட்ட தாளாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

அந்த வரி இது: "பயணப் படிவத்தைப் பூர்த்தி செய்தவரின் கவனக்குறைவால் இறந்தவரைப் பற்றிய தவறான தகவல் இடம்பெற்றது."

இறந்தவர் என் சகலை. என் மனைவியின் தங்கை கணவர். பூர்த்தி செய்தவன் நான். கவனக்குறைவு என்ற சொல்லைத்தான் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போனால் திருப்பி அனுப்புவேன். என்னைத் தாண்டி மேலே போன படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அலுவலகத்தில் எனக்குக் கொசுவலை என்று பெயர். என் முன்னால் சொல்ல மாட்டார்கள். உங்கள் அறிக்கையின் நகல் அங்கே போன மறுநாள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "மனசு சரியில்லாம இருப்பீங்க, கொஞ்ச நாள் தபால் பிரிவுல இருங்களேன்" என்றார். இப்போது உறைகளில் பசை தடவிக்கொண்டிருக்கிறேன். என் மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நேற்று அவர் ஒரு காலிக் கட்டத்தைக் கவனிக்காமல் மேலே அனுப்பியதை நான் பார்த்தேன்.

"தூண்டில் போடச் சென்றனர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் விளக்குகிறேன். புழுவைக் கோத்துக் கரையில் உட்காருவது அல்ல இது. கொக்கியில் இறகும் முடியும் வைத்து நூல் சுற்றி, இறால் குஞ்சு போல ஒன்றைச் செய்ய வேண்டும். அதை ஈ என்று சொல்வோம். அதற்கு எடையே இல்லை. கனமான ஒரு நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் வேகத்திலேயே ஈயை அறுபதடி தள்ளி, மீனின் மூக்குக்கு முன்னால் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். கடலுக்குள் முழங்கால் ஆழ மணல் திட்டில் நின்றுகொண்டு. காற்று முகத்தில் அடிக்கும். அந்த மீன் வெள்ளி நிறம். மணல் மேல் அதன் நிழல் தெரியும், அது தெரியாது. மூன்று நொடி நிற்கும். பிறகு போய்விடும்.

கூட்டிப்போகும் கைடு ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் ஏற்பார். நான் மூன்று வருடம் காத்திருந்தேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் இடம் கிடைத்தது என்று எழுதி, கூடவே தயாராவதற்கான பட்டியல் ஒன்று அனுப்பினார். நான்கு பக்கம், நாற்பத்தொரு இனங்கள். கொக்கி முள்ளைக் குறடால் நசுக்குவது, பளபளப்பை வெட்டும் கண்ணாடி, கணுக்காலை மூடும் காலணி, நூலை வீசிப் பழகுவது. எல்லாம் எண் போட்டு எழுதியிருந்தார். அந்தப் பட்டியலைப் படித்தபோது, என்னைப் போல் இன்னொருவர் உலகத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். அலுவலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் காலை ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை வீசிப் பழகினேன். அறுபதடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டு. நான்காம் மாத முடிவில் பத்துக்கு மூன்று தடவை தட்டில் விழுந்தது. காற்று அடித்தால் ஒன்று. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் நூல் பலவீனமாகும். அதை இருநூறு தடவை செய்து பார்த்தேன். நூல் அறுந்தது. முடிச்சு அவிழவில்லை.

என்னோடு வரவிருந்தவர் ஸ்டோர்ஸ் பிரிவு நண்பர். அவரும் பழகினார். இரண்டு மாதம் இருக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"ஒரு எடம் சும்மாதானே போகுது? தங்கச்சி வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் என் மனைவி. "பாவம், கடையே கதின்னு கிடக்கறாரு."

"அவருக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமாக்கும்?"

சகலை மெத்தைக் கடை வைத்திருந்தார். மதியம் கடைசி வரிசை மெத்தையில் படுத்திருப்பார். வாடிக்கையாளர் வந்தால் படுத்தபடியே, "வாங்க, இதுல படுத்துப் பாருங்க, எந்திரிக்கவே மனசு வராது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். வாங்கியும் போவார்கள். இது எப்படி என்று எனக்குப் புரிந்ததில்லை.

பட்டியலின் நகல் ஒன்றை உறையில் போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் போனபோது அதன் மேல் டீ கிளாஸ் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் வட்டம் பதிந்திருந்தது.

"படிச்சீங்களா?"

"நீங்க படிச்சிட்டீங்கல்ல சகல, அப்புறம் என்ன? ரெண்டு பேரும் ஒரே பரீட்சைக்கு எதுக்குப் படிக்கணும்?" பிறகு கேட்டார்: "ஆமா, பிடிச்ச மீனைத் திரும்ப விட்டுறணுமாமே?"

"ஆமா."

"அதுக்கு நான் வீட்லயே உக்காந்து பிடிக்காமலே விட்டுறேனே."

ஞாயிற்றுக்கிழமை வீசிப் பழக வரச் சொன்னேன். ஏழு மணி என்றேன். எட்டரைக்கு வந்தார், செருப்புக் காலோடு, ஒரு கையில் பிஸ்கட் பாக்கெட். தரையில் கிடந்த நூலை மிதித்தார். மிதிக்கக் கூடாது என்பது பட்டியலில் எண் பதினாறு. பாக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு தூண்டில் கழியை வாங்கினார். முதல் தடவை நூல் அவர் தலையில் சுற்றிக்கொண்டது. இரண்டாவது தடவை ஈ தட்டின் நடுவில் விழுந்து 'டிங்' என்றது.

"இதுக்கா ஆறு மாசம்?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அங்கிருந்த காவலாளி நான்கு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று எழுந்து வந்தார். "சார், இவரு கையில இருக்கு சார்" என்றார்.

திரும்பும்போது சகலை கார்க் கதவை அடித்துச் சாத்தினார். கழியின் நுனி உள்ளே இருந்தது. மாற்று நுனி வருவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. நான் கட்டிக் கொடுத்த பன்னிரண்டு ஈக்களில் இரண்டைக் காணவில்லை. "பாப்பா பொம்மைத் தொப்பியில குத்திக்கிட்டா சகல, அசல் கிளிச் சிறகு மாதிரி இருக்கு, பாக்க வாங்க" என்றார். அந்த இரண்டு ஈக்கள் எனக்கு இரண்டு சாயங்கால வேலை.

என் எரிச்சல் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நீங்களும் கோப்புகளோடு இருப்பவர். ஆனால் எரிச்சலில் நான் எதையும் செய்யவில்லை. அவருடைய கழியைச் சரி செய்தேன். ஈக்களைக் கட்டினேன். அவர் காலணிக்கு அளவெடுத்து வாங்கினேன். அவருக்கு இருக்க வேண்டிய நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பதை நானே முடித்தேன்.

இப்போது படிவம்.

கைடு ஆளுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். உடல்நிலை, மருந்துகள், கண்பார்வை, நீச்சல். அவரவர் பூர்த்தி செய்ய வேண்டும். பிறகு ஒரு ஞாயிறு மாலை சகலையும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் அறையில் கடைசி ஈக்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து படிவத்தை மேசையில் வைத்து, அடியில் கையெழுத்துப் போட்டார். மேலே ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"நீங்களே நிரப்பிடுங்க சகல. உங்க வேலைதானே அது."

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து. என் அலுவலகமாக இருந்தால் ஆளையே திருப்பி அனுப்பியிருப்பேன். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் என் நாற்காலியில் ஆடிக்கொண்டே பதில் சொன்னார். பென்சிலில் குறித்துக்கொண்டேன். நீந்தத் தெரியுமா என்று படித்தேன்.

ஆடுவதை நிறுத்தினார். கதவை ஒரு தடவை பார்த்தார்.

"கழுத்துக்கு மேல தண்ணி வந்தா நான் கல்லு, சகல. வெளிய சொல்லிடாதீங்க. கல்யாணமான புதுசுல அவகிட்ட நான் நீச்சல்ல கப்பு வாங்குனவன்னு அடிச்சுவிட்டுட்டேன். பத்து வருசமா அதை வெச்சே ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"கடலுக்குப் போறோம்" என்றேன்.

"முழங்கால் தண்ணிதானே? அதோட நீங்க இருக்கீங்கல்ல."

'இல்லை' என்ற கட்டத்தில் பென்சிலால் குறித்தேன். இது முக்கியம். அவரிடம் கேட்காமல் நானாகக் குறித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டேன். பதில் வாங்கினேன்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்கு நடுவில் சகலை எழுந்து, குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு, நான் எப்படி வீசுகிறேன் என்று செய்து காட்டினார். முழங்காலை மடக்கினார். தோளைத் தூக்கினார். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டார். வீசும்போது நான் நாக்கைக் கடிப்பேனாம். எனக்கு அது தெரியாது.

"அய்யோ, அப்படியே! அப்படியேதான் செய்வாரு!" என்றாள் என் மனைவி. அவளால் உட்கார முடியவில்லை. போய்ச் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. நானும் சிரித்தேன். நீங்கள் அவர்கள் யாரையும் கேட்கலாம்.

பொறாமை என்று ஒருவேளை நீங்கள் எழுதிவிடக் கூடும். அதுவும் சரியாக இருக்காது. ஒருவர் எதையும் செய்யாமலே எல்லாம் அவருக்கு நடக்கிறது என்றால், அது ஒழுங்கு இல்லை. அவ்வளவுதான். காலிக் கட்டங்களோடு ஒருவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நன்றாகத் தூங்கினேன். காலையில் காப்பி குடித்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பென்சில் குறிகளை ரப்பரால் அழித்தேன். பேனாவால் எழுதினேன். அந்த ஒரு தாளுக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். நீந்தத் தெரியுமா என்ற இடத்தில் 'ஆம்'.

பட்டியலில் எண் முப்பத்து மூன்று எனக்கு மனப்பாடம். நீந்தத் தெரியாதவர் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, கைடு கை எட்டும் தூரத்தை விட்டு நகரக் கூடாது. தெரிந்தவர் விரும்பினால் தனித் திட்டில் நிற்கலாம்.

பயணத்தன்று காலை படகில், கைடு படிவங்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஐம்பது வயது, வெயிலில் வெந்த முகம். அதிகம் பேசாதவர்.

"நல்லா நீந்துவீங்களாமே சார்?" என்று சகலையைக் கேட்டார்.

சகலை என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஏதோ நம்ம அளவுக்கு" என்றார்.

"ஜாக்கெட் போட்டுக்கறீங்களா?"

சகலை அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வீசறதுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்றேன். அது உண்மை. தோள்பட்டையில் இடிக்கும். அவர் அதைப் பலகைக்கு அடியில் வைத்தார்.

கைடு நங்கூரம் போடப் போனதும் சகலை என் விலாவில் முழங்கையால் தட்டினார். "மானத்தைக் காப்பாத்திட்டீங்க சகல. போட்டோல ஆரஞ்சு ஜாக்கெட்டோட நின்னா, வீட்ல 'கப்பு வாங்குன ஆளு இவருதானா'ன்னு கேட்டிருப்பா." அவருக்காகத்தான் நான் அப்படி எழுதினேன் என்று நினைத்துக்கொண்டார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

கைடு அவரை ஒரு திட்டில் இறக்கிவிட்டார். "பச்சைத் தண்ணி தொடங்குற எடம் பள்ளம். கடல் வத்துற நேரம், இழுக்கும். நீந்துறவங்களுக்கு ஒண்ணுமில்ல, இருந்தாலும் இந்தப் பக்கமே நில்லுங்க." என்னோடு கைடு நின்றார். காற்றில் என் வீச்சுக்கு உதவி தேவைப்படும் என்று என் படிவத்தில் எழுதியிருந்தேன். அதுவும் உண்மை. எங்களுக்கும் சகலைக்கும் நடுவில் இருநூறு அடி இருக்கும். பள்ளத்திலிருந்து அவருக்கு நாற்பதடி. கடல் வரைபடத்தை நான் இரண்டு மாதம் பார்த்திருந்தேன். அந்தப் பள்ளத்தின் ஆழம் பதினான்கு அடி.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒரு மீனும் தெரியவில்லை. கைடுக்குத் தெரிந்தது. "பத்து மணிப் பக்கம், அம்பதடி" என்பார். கடிகார முள் காட்டுவதுபோல் திசையைச் சொல்வது அவர் வழக்கம். நான் வீசுவேன். காற்று நூலை மடித்துப் போடும். நிழல் ஓடிவிடும். "பரவால்ல சார்" என்பார். பதினொரு தடவை பரவாயில்லை என்றார்.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது.

"சகல! மாட்டிக்கிச்சு சகல!"

மூன்றாவது வீச்சில் மாட்டியதாம். முந்திய இரண்டும் சும்மா பார்ப்பதற்கு வீசியவை. நான் கட்டிய ஈ. கழியில் நூல் சுற்றியிருக்கும் ரீல் கீச்சென்று சுற்றுவது எங்களுக்கே கேட்டது. கைடு திரும்பவில்லை. "நல்ல மீனு. ஓடட்டும்" என்றார். பிறகு, "சார், நம்ம மீனு. பதினொண்ணு பக்கம், அறுபதடி. நிக்குது. நிதானமா" என்றார்.

நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். சகலை கழியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மீன் இழுத்த பக்கம் நடந்துகொண்டிருந்தார். மீன் பள்ளத்தை நோக்கி ஓடும். எப்போதும் அப்படித்தான் ஓடும். பின்னாலேயே போகக் கூடாது, நின்ற இடத்திலிருந்து நூலை விட வேண்டும். அது எண் இருபத்தொன்பது. தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை "சகல" என்று மட்டும் கேட்டது. கைடுக்குக் கேட்டதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது.

மீன் இருக்கும்போது சத்தம் போடக் கூடாது என்பது எண் இருபத்தேழு.

நான் வீசினேன். அந்த மாதிரி ஒரு வீச்சு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. நூல் நேராக விரிந்தது. ஈ மீனுக்கு ஓரடி முன்னால், ஒரு வளையம்கூட எழும்பாமல் இறங்கியது. நாக்கைக் கடிக்கவில்லை. அதைக் கவனித்தேன். நிழல் நகர்ந்து வந்தது. ஈயை முகர்ந்தது. திரும்பிப் போய்விட்டது.

ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லாம் சரியாகச் செய்திருந்தேன்.

கைடு "ச்சே" என்று திரும்பியபோது பச்சைத் தண்ணீரின் மேல் தொப்பி மட்டும் இருந்தது. அவர் ஓடினார். மற்றதை நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்று: மூன்று மணி நேரம் கழித்துக் கழி கிடைத்தபோது நூல் முழுவதும் வெளியே போயிருந்தது. மீன் அப்போதும் கொக்கியில் இருந்தது. என் முடிச்சு அவிழவில்லை.

அவர் நீச்சல்காரர் என்று அவர் மனைவியே சொன்னதால் முதலில் விபத்து என்றீர்கள். அவருடைய அண்ணன் வந்து, சின்ன வயதில் தொட்டியில் விழுந்ததிலிருந்து தம்பி தண்ணீரில் இறங்கியதே இல்லை என்று சொன்ன பிறகு படிவத்தை எடுத்தீர்கள். "கேக்காமலே டிக் அடிச்சிட்டீங்களா சார்?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லும் முன்னால் என் மனைவி, "ஏதோ அவசரத்துல பண்ணிட்டாரு சார், வேணும்னு செய்வாரா?" என்று அழுதாள். நீங்கள் அதையே எழுதிக்கொண்டீர்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் தப்பு நடக்கும்ங்க, யாருக்கும் நடக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது அவள் தங்கையும் அதைத்தான் சொல்கிறாள். என்னை மன்னித்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு படிவத்தில் தப்புச் செய்தவன் என்று மன்னித்துவிட்டார்கள்.

நான் எந்தப் படிவத்தையும் அவசரத்தில் பூர்த்தி செய்ததில்லை.

அந்தத் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. நீங்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக் கோப்பில் சேர்த்துவிட்டீர்கள். கவனக்குறைவு என்ற சொல்லை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதை இங்கே எழுதலாம். கோப்பில் எட்டாவது தாள், திருப்பிப் பாருங்கள். கடைசிக் கட்டம்: 'கைடு அறிய வேண்டிய வேறு விவரம் ஏதேனும்?' பெரும்பாலானவர்கள் அதைக் காலியாக விடுவார்கள். நான் விடவில்லை. என் கையெழுத்தில், கறுப்பு மையில் இப்படி இருக்கும்: 'நன்றாக நீந்துவார். பக்கத்தில் ஆள் நிற்பது பிடிக்காது. தனியாக, பள்ளத்தை ஒட்டிய திட்டில் விட்டால் மகிழ்வார்.'

அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

திருத்திய அறிக்கையின் நகல் ஒன்றை என் பிரிவுத் தலைவருக்கு அனுப்பினால் போதும். திங்கட்கிழமை நான் என் மேசைக்குத் திரும்ப வேண்டும்.